ஹெலிகாப்டருக்கு விரித்த நடைபாவாடை

காட்டுக்குள்ளிருந்து என்னைச் சுட்டிருக்கிறார்கள். மலைக்கு நடுவே மேகத்தில் மாட்டி, எது வானம் எது தரை என்று தெரியாமல் பறந்திருக்கிறேன். ஆனால் மலேசிய ஆகாயப்படையில் இருந்த அத்தனை காலத்திலும் என் உயிருக்கு மிகப் பக்கத்தில் வந்தது எது என்று கேட்டால், சிவப்புக் கரை போட்ட ஓர் எட்டு முழ வேட்டி என்றுதான் சொல்வேன். சிரிக்காதீர்கள். போன மாதம் இதைச் சொன்னபோது இளம் அதிகாரிகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

நாங்கள் ஓட்டிய நூரி ஹெலிகாப்டர்களை ஓய்வுக்கு அனுப்பியாகிவிட்டது. அதையொட்டி ஈப்போவில் ஒரு தேநீர் விருந்து வைத்து, என்னைப் போன்ற பழைய ஆட்களையும் கூப்பிட்டார்கள். ஒரு பெண் விமானி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கர்னல், நீங்க ரொம்ப பயந்த நாள் எது?" என்று கேட்டாள். அங்கே பாதி சொல்வதற்குள் பேச்சாளர் மேடைக்கு வந்துவிட்டார். மீதியைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வருமா? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது பாரிட் புந்தாருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில். அதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்களுக்கு அது ஏழாங்கட்டைத் தோட்டம், அவ்வளவுதான். டவுனிலிருந்து ஏழாவது மைல். அப்பா பால்மரம் வெட்டினார், ரப்பர் பால் எடுக்கப் பட்டை சீவும் வேலை. மாரியம்மன் கோவில் தலைவரும் அவர்தான். தோட்டத்தில் ஒரு கல்யாணம், ஒரு திருவிழா, ஒரு துரை வருகை எதுவானாலும் யாரை எப்படி வரவேற்பது, எங்கே மாலை, எங்கே ஆரத்தி என்பதை அப்பாதான் முடிவு செய்வார். அதில் யாரும் வாய் திறக்க முடியாது. மரியாதை விஷயத்தில் அப்பா அரை அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார்.

படையில் சேர்ந்தது, பயிற்சி, முதல் தனிப் பறப்பு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். எல்லா விமானியும் அதைத்தான் எழுதுகிறான். எழுபதுகளின் நடுவில் ஈப்போவுக்கு மாற்றலாகி வந்தேன். குனோங் ராபாட்டின் சுண்ணாம்பு மலைகளை ஒட்டித்தான் விமானத் தளம். காலையில் இயந்திரத்தைக் கிளப்பினால் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்து நெஞ்சில் இடிக்கும். எனக்கு அப்போது தலைகால் புரியாது. நிலத்தில் நடப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும், அத்தனை திமிர்.

அந்தத் திமிரை அடக்கியவர் எங்கள் கமாண்டர். துவான் ஜமால் என்போம், துவான் என்றால் ஐயா. குள்ளமான மனிதர், சத்தமே போடமாட்டார். அவருக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைச் சொல்லவில்லை. கட்டிப்போடாமல் கிடக்கும் எந்தப் பொருளும் அவருக்கு எதிரிதான். ஒரு கூழாங்கல், ஒரு திருகாணி, ஒரு காகிதம் போதும். இறக்கை சுழலும்போது எழுகிற காற்றில் அது மேலே கிளம்பி இயந்திரத்துக்குள் போனால் கதை முடிந்தது. அதனால் தினமும் விடிந்ததும் அதிகாரி, சமையல்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் தோளோடு தோள் வரிசையாக நின்று, தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டே போக வேண்டும். தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நின்றவனின் மகன் நான். அப்பா நின்ற பெரட்டு எனக்கும் வந்து சேர்ந்ததே என்று முதல் நாள் நினைத்துக்கொண்டேன்.

கமாண்டர் எதையாவது கண்டெடுத்தால் கத்தமாட்டார். அதைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைப்பார். பிறகு மெதுவாக, "சியாப்பா புன்யா?" என்பார். யாருடையது என்று அர்த்தம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்வரை நின்றுகொண்டே இருப்பார். நாலு மணி நேரம் திட்டு வாங்கிவிடலாம், அந்தக் கேள்வியைத் தாங்க முடியாது.

ஒரு முறை குடும்பத்தார் தளத்தைப் பார்க்க அனுமதித்த நாளில் அப்பா வந்திருந்தார். என் ஹெலிகாப்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், கண் கலங்கினார். மறுநாள் காலை என் மேசையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. புது வண்டிச் சக்கரத்துக்குக் கீழே வைப்போமே, அது. யாருக்கும் தெரியாமல் அப்பா என் ஹெலிகாப்டர் சக்கரத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பின்னால் கமாண்டர் நின்றார். "சியாப்பா புன்யா?"

என்னுடையது, துவான், என்றேன். எதற்கு வைப்பது என்பதையும் சொன்னேன். அவர் யோசித்தார். நல்ல விஷயம்தான், ஆனால் சக்கரத்துக்குக் கீழே வேண்டாம், சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து என் இடது பையில் எலுமிச்சை இல்லாமல் நான் பறந்ததில்லை. பொத்தானையும் மறந்ததில்லை.

இனி அந்த வேட்டிக்கு வருகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். எங்கள் தோட்டம் இருக்கும் கிரியான் பக்கம் முழுக்க வெள்ளம். வயல், சாலை, ஆறு எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தது. காலையிலிருந்து அரிசி மூட்டையும் பால்மாவும் இறக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் துணை விமானி லெப்டினன்ட் சோங், ஈப்போச் சீனர், பேச்சே குறைவு. பின்னால் கதவில் சார்ஜன் மாட், கோலகங்சார்க்காரர். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நூரியில் விமானிக்குப் பின்பக்கம் கண் கிடையாது. வாலும் சக்கரமும் எங்கே இருக்கின்றன என்று கதவில் குப்புறப் படுத்துப் பார்த்துச் சொல்வது சார்ஜனின் வேலை. அவர் மேலே என்றால் மேலே. அந்த நேரத்தில் கர்னலும் கிடையாது, கேப்டனும் கிடையாது, ஏன் என்ற கேள்வியும் கிடையாது.

மத்தியானம் வானொலியில் செய்தி வந்தது. ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, சாயங்காலம்வரை தாங்கமாட்டாள் என்று தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கும் டிரசர் போலீஸ் மூலமாகச் சொல்லியனுப்பியிருந்தார். சாலை தண்ணீருக்குள். படகில் போனால் வழியிலேயே போய்விடுவாள். பெயர் என்ன என்று கேட்டேன். புஷ்பம், மணியத்தின் மனைவி. மணியம் என் பக்கத்து வீட்டுக்காரன். ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். நான் போகிறேன் என்றேன். சோங் வரைபடத்தை எடுத்தபோது, வேண்டாம், எனக்கு வழி தெரியும் என்று சொன்னேன்.

ராணுவம் ஹெலிகாப்டர் அனுப்புகிறது என்பதோடு, ஓட்டி வருவது யார் என்பதையும் போலீஸ்காரர் தோட்ட ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லித் தொலைத்திருக்கிறார். அங்கேதான் வந்தது வினை.

தோட்டத்தில் தண்ணீர் ஏறாத இடம் ஒன்றே ஒன்று, கோவிலை ஒட்டிய பந்து விளையாடும் திடல். ரப்பர் மரங்களைத் தாண்டியதும் அதைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. திடலின் இரண்டு பக்கமும் வாழை மரம். குறுக்கே தென்னங்குருத்துத் தோரணம். நடுவே, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வெள்ளை வெளேரென்று நடைபாவாடை விரித்திருந்தார்கள். சாமி புறப்பாட்டுக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கும் விரிப்போமே, அதுதான். வேட்டி, படுக்கை விரிப்பு, சேலை, வீட்டில் இருந்த துணி எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒன்றோடு ஒன்று சேர்த்துப் போட்டிருந்தார்கள். கோடியில் அப்பா, கையில் ஆரத்தித் தட்டு, தோளில் துண்டு. பின்னால் தோட்டமே நின்றது. கதவுப் பலகை ஒன்றில் புஷ்பத்தைப் படுக்க வைத்துக் குடை பிடித்திருந்தார்கள்.

பொய் சொல்லமாட்டேன். ஒரு கணம் நெஞ்சு அப்படியே பூரித்துவிட்டது. எந்த மந்திரிக்கும் எங்கள் தோட்டம் அப்படி விரித்ததில்லை. அந்த ஒரு கணத்தில் ஹெலிகாப்டர் இன்னும் கீழே இறங்கிவிட்டது.

"காயின், துவான், காயின்," என்றது காதில் சார்ஜனின் குரல். மலாயில் காயின் என்றால் துணி. அடுத்த சொல், மேலே.

இழுத்தேன். எனக்கு முன்னால் கண்ணாடியை உரசிக்கொண்டு ஒரு வேட்டி எழுந்து போனது. சிவப்புக் கரை தெளிவாகத் தெரிந்தது, அப்பா திருவிழாவுக்குக் கட்டும் வேட்டி. தலைக்கு மேலே இறக்கை, அதற்கு முன்னால் காற்றை உறிஞ்சும் இரண்டு இயந்திர வாய். அந்த வேட்டி எதில் மாட்டினாலும் திடலில் நின்ற அத்தனை பேர் தலையிலும் நாங்கள் விழுந்திருப்போம். கீழே நடைபாவாடை முழுதும் கிளம்பி வயலில் கொக்குக் கூட்டம் எழுந்தது போல நாலு பக்கமும் பறந்தது. வாழை மரம் சாய்ந்தது. நான் தப்பி மேலே போய்விட்டேன்.

கீழே அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? வந்தான், பார்த்தான், இறங்காமல் போகிறான். மணியம் திடலில் ஓடி ஓடி இரண்டு கையையும் ஆட்டினான். அவன் வாய் அசைவதுகூடத் தெரிந்தது. பெண்கள் பறந்த துணிகளைப் பிடித்து மறுபடியும் விரிக்க ஆரம்பித்தார்கள். மரியாதை சரியாக இல்லாததால்தான் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

விதி என்ன சொல்கிறது என்றால், இறங்கும் இடம் சுத்தமில்லை என்றால் திரும்பிப் போ. சோங் எரிபொருள் முள்ளைக் காட்டினார். இன்னொரு முறை முயலலாம், அதற்கு மேல் இல்லை. மேற்கே கறுத்துக்கொண்டு அடுத்த மழை வேறு. போய் எண்ணெய் போட்டு வருவதற்குள் புஷ்பம் இருக்கமாட்டாள். கீழே யாரிடமும் வானொலி இல்லை. துணியை எடுங்கள் என்று எப்படிச் சொல்வது? அந்த இரைச்சலில் காதோரம் கத்தினாலே கேட்காது.

சார்ஜன் மாட் சொன்னார், துவான், திடலுக்குப் பக்கவாட்டில் தண்ணீருக்கு மேலே நில்லுங்கள், கதவு அவர்களைப் பார்க்கட்டும். நின்றேன், துணி எதுவும் எட்டாத தூரத்தில். அவர் கதவில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். வியர்வை துடைக்கும் வெள்ளைத் துண்டை உருவினார். அதன் ஒரு முனையை முதலில் மணிக்கட்டில் முடிந்துகொண்டார், கமாண்டர் வளர்த்த பிள்ளையல்லவா. துண்டை அவர்களுக்குத் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினார். சுருட்டினார். தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்தார். மறுபடி எடுத்தார், காட்டினார், சுருட்டினார், உட்கார்ந்தார்.

முதலில் புரிந்துகொண்டது ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. ஒரு படுக்கை விரிப்பைச் சுருட்டித் தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். அடுத்து ஒருத்தி. அடுத்து நாலு பேர். அப்புறம் பார்க்க வேண்டுமே! வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, சேலை முந்தானையைக் காலுக்கு அடியில் செருகிக்கொண்டு, தோரணத்தை அள்ளி மடியில் அமுக்கிக்கொண்டு, தோட்டமே ஈரத் தரையில் உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஒருவர் மட்டும் உட்காரவில்லை.

அப்பா தட்டோடு நின்றார். தோளில் துண்டு, இடுப்பில் வேட்டி, தட்டின் மேல் பட்டுத் துணி. வந்தவனுக்கு முன்னால் உட்காருவது அவமரியாதை. துரையின் கார் வரும்போது உட்கார்ந்திருந்தவனைத் தோட்டத்தை விட்டு அனுப்பிய காலத்தில் வளர்ந்தவர். பக்கத்தில் இருந்தவர்கள் வேட்டியைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. சார்ஜன் துண்டை எத்தனை முறை காட்டினாலும் அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் துண்டு அவர் தோளில் இருக்கும்வரை நான் இறங்க முடியாது. என் அப்பா நிற்பதால் புஷ்பம் சாவாள். அதை நினைத்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவரை அவ்வளவு நேசித்ததும் அந்தக் கணத்தில்தான்.

கட்டுப்பாட்டைச் சோங்கிடம் கொடுத்தேன். பக்கக் கண்ணாடியைத் தள்ளினேன். தலைக்கவசத்தின் கறுப்புக் கண்திரையை மேலே தூக்கி என் முகத்தைக் காட்டினேன். இரண்டு கையையும் கூப்பி அப்பாவைக் கும்பிட்டேன். பிறகு அதே கையால், உட்காருங்கள் என்று காட்டினேன்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார், கவிழ்த்து வைத்தார். தோள் துண்டை எடுத்து மடித்தார். மரியாதையாக, ஓரம் சேர்த்து மடித்தார், அந்த அவசரத்திலும். அதைச் சேற்றில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

இறங்கினேன். சார்ஜன் குதித்தார். மணியமும் இரண்டு பேரும் பலகையைத் தாழப் பிடித்துக் குனிந்து ஓடி வந்தார்கள். புஷ்பத்தின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நான் இருக்கையை விட்டு எழ முடியாது. அப்பா தலையை நிமிர்த்தவேயில்லை. கதவு மூடியதும் கிளம்பினேன். கமுந்திங் மேலே பறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங்கில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. நேராக அறுவைக்குக் கொண்டுபோனார்கள். அன்று இருட்டுவதற்குள் தாய் பிழைத்தாள், பெண் குழந்தை என்று வானொலியில் சொன்னார்கள். சோங், பேச்சே குறைவு என்றேனே, அவர் தளத்தில் யாரைப் பார்த்தாலும் பெண் குழந்தை, பெண் குழந்தை என்று சொல்லிக்கொண்டே திரிந்தார்.

மறுநாள் காலை என் மேசையில் ஒரு துணித் துண்டு இருந்தது. கிழிந்த வெள்ளை, சிவப்புக் கரை. சக்கரத்தின் இடுக்கில் மாட்டிக்கொண்டு ஈப்போவரை வந்திருக்கிறது. பின்னால் கமாண்டர்.

"சியாப்பா புன்யா?"

என் அப்பாவுடையது, துவான், என்றேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், தண்ணீர் வடிந்ததும் அங்கே போகலாம், உன் அப்பாவிடம் நான் பேச வேண்டும் என்றார். அந்தத் துணியைத் தன் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

புறப்படும் நாள் நெருங்க நெருங்க, அவரைக் கூட்டிப்போக எனக்கு விருப்பமே இல்லை. காரணம், தோட்டத்துக்குப் போய் வந்த மணியம் ஆஸ்பத்திரியில் வைத்து என்னிடம் மெதுவாகச் சொல்லியிருந்தான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா யார்கிட்டயும் பேசறதில்ல. பெத்த புள்ள தோட்டம் பூரா பாக்க சேத்துல உக்கார வச்சிட்டான்னு மனசு விட்டுப் போச்சு." இந்த நிலையில் கமாண்டர் வேறு போய்க் கேள்வி கேட்டால் அப்பா தாங்குவாரா?

ஜீப்பில் போனோம். தோட்ட ஆபீஸ் வாசலிலேயே நடைபாவாடை விரித்திருந்தது. அப்பாவுக்கு எத்தனை கோபம் இருந்தாலும் வருகிறவர் அதிகாரி. இந்த முறை துணியின் இரண்டு ஓரமும் நெருக்கமாகக் கல் அடுக்கியிருந்தார்கள், பறக்காமல் இருக்க. வாழ்நாள் முழுவதும் கல் பொறுக்கிய மனிதரை நான் திரும்பிப் பார்த்தேன். கமாண்டர் நின்றார். குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அப்பாவிடம் நீட்டினார்.

"சியாப்பா புன்யா?"

"சாயா புன்யா, துவான்," என்றார் அப்பா, நிமிர்ந்து நின்று. என்னுடையதுதான்.

கமாண்டர் கல்லைப் பழைய இடத்திலேயே வைத்தார். பூட்ஸைக் கழற்றினார். நடைபாவாடையில் இரண்டடி நடந்து, அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தோட்டமே திகைத்துப் போய் நின்றது. பக்கத்தில் தட்டிக் காட்டினார். வந்தவரே உட்கார்ந்த பிறகு அப்பா என்ன செய்வார்? உட்கார்ந்தார்.

கமாண்டர் பையிலிருந்து அந்தச் சிவப்புக் கரைத் துண்டை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். எல்லாருக்கும் புரிகிற எளிய மலாயில், நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"இது இயந்திரத்துக்குள் போயிருந்தால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சில வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். முதல் கதவு உங்களுடையது. நீங்கள் உட்கார்ந்தீர்கள், நான் தட்டவில்லை. அதற்கு நன்றி சொல்ல வந்தேன்."

அப்பா அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா ராசு, இத நீ ஏன்லா அன்னைக்கே சொல்லல?"

"மேலருந்து கத்தினா கேக்காதுப்பா."

அப்பா சிரித்தார். அவரோடு கமாண்டரும் சிரித்தார், என்ன பேசினோம் என்று தெரியாமலே. புஷ்பத்தின் குழந்தையைக் கொண்டுவந்து கமாண்டர் மடியில் வைத்தார்கள். அவர் முதல் வேலையாகக் குழந்தையைச் சுற்றியிருந்த துணியின் தொங்கும் நுனியை உள்ளே செருகினார்.

அதற்கப்புறம் ஏழாங்கட்டையில் புதிதாக ஒரு மரியாதை பிறந்தது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். இறங்க வருகிறதா, தாண்டிப் போகிறதா, யார் ஓட்டுகிறார் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. மரம் வெட்டும் காட்டில் பால் வாளியை வைத்துவிட்டு உட்காருவார்கள். மேலிருந்து பார்க்கும் புது விமானிகள் குழம்பிப்போய் என்னிடம் வந்து கேட்பார்கள். அது எங்கள் ஊர் சல்யூட் என்பேன்.

எண்பதுகளின் நடுவில் பதவி உயர்வு கொடுத்து என்னைத் தலைமையகத்தில் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். போவதற்கு முன் ஈப்போவிலிருந்து கடைசியாக ஒரு முறை ஓட்டினேன். அனுமதி கேட்டு வடக்கே திருப்பினேன். யாருக்கும் சொல்லியனுப்பவில்லை. அன்று தோட்டத்தில் சம்பள நாள், எல்லாரும் டவுனுக்குப் போயிருந்தார்கள் போல, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வாசல்கள் வெறிச்சோடிக் கிடந்தன.

திடலில் ஒரே ஓர் ஆள். கோவிலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு நடுத்திடலுக்கு வந்திருக்கிறார். துண்டை மடித்துக் கீழே போட்டு, அதன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தை மேலே தூக்கி இரண்டு கையையும் கூப்பியிருந்தார். ஓட்டுவது மகன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நான் கட்டுப்பாட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் கண்திரையைத் தூக்கினேன்.